செத்தவர் வரிசையில் ஒரு பெயர்

பாடப்புத்தகத்தில் இரண்டாம் உலகப் போருக்கு இரண்டரைப் பக்கம். ஆண்டுகள், தலைவர்கள், ஒரு வரைபடம். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் அதைப் பாடமாக்கிச் சோதனையில் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். அதனால் அந்தத் தவணையில் வகுப்புக்கு ஒரு நாவலைக் கொண்டுபோனேன். அட்டை கிழிந்த மொழிபெயர்ப்பு. போருக்குப் போய்த் திரும்பாத கணவனுக்காகக் காத்திருக்கும், பாண் சுட்டு விற்கும் ஒரு பெண்ணின் கதை. வெள்ளிதோறும் ஓர் அத்தியாயம் வாசித்தோம்.

கடைசி அத்தியாயத்தில் அவள் கணவனின் மேலங்கியை ஒரு சவப்பெட்டியில் வைத்து, கோயில் மணி அடிக்கச் செய்து, நாலு பேரைக்கொண்டு தூக்குவித்துப் புதைக்கிறாள். அதை விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளையின் அப்பா, அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, இறுதிப் போரில் வெள்ளாங்குளம் பக்கம் போனவர் திரும்பவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாசித்தேன். பாதியில் நிறுத்தினால் பிள்ளைகள் துருவிக் கேட்பார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

"வெறும் பெட்டியைத் தூக்க நாலு பேர் எதுக்கு டீச்சர்?" பின்வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள். வகுப்பு சிரித்தது.

முன்வாங்குப் பிள்ளை சிரிக்கவில்லை. "மணி அடிச்சாப் பிறகு அவ அழுதவவோ டீச்சர்?" என்றாள்.

"இல்லை. அண்டைக்குத்தான் நல்லா நித்திரை கொண்டவ."

புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

எங்கள் மாதா கோயில் வாசலில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று உயிரோடு இருப்பவர்களுக்கான மன்றாட்டுச் சீட்டுகளுக்கு. மற்றது இறந்த ஆத்துமாக்களுக்கு. ஞாயிறு பூசைக்கு முன் இரண்டிலும் உள்ள பெயர்களை வாசிப்பார்கள். காணாமல் போனவர்களின் பெயர்கள் எப்போதும் முதற்பெட்டிக்குள்தான் போகும். யாரும் வைத்த சட்டமல்ல, ஆனால் ஒருநாளும் மாறியதில்லை. அந்த ஞாயிறு, இறந்தவர்களின் வரிசையில், நறுவிலிக்குளத்துக் கிழவர் ஒருவருக்கு அடுத்ததாக அந்தப் பிள்ளையின் அப்பாவின் பெயர் வந்தது. எனக்கு முன்னால் இருந்த அவளுடைய அம்மா எழுந்து நின்றார். பூசை முடியும்வரை அவர் உட்காரவேயில்லை. பக்கத்தில் மகள் தலை குனிந்திருந்தாள்.

பின்னேரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். கருவாடு காயவைக்கும் வாடியில் வேலை செய்பவர், விரல்களெல்லாம் உப்பு வெடிப்பு. கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"டீச்சர், நீங்கள் படிப்பிக்கிறது சரித்திரமோ, செத்த வீடோ?"

நான் என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. குழந்தை கையில் இருந்தால் அவர் அதிகம் ஏச மாட்டார் என்று நினைத்திருக்கிறேன். பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

"மணி அடிச்சா அம்மா நித்திரை கொள்ளுவாவாம். புத்தகத்தில கிடந்ததாம். அதுதான் சீட்டு எழுதிப் போட்டவளாம்." அவர் குரல் உடையவில்லை. "மரணச் சான்றிதழ் தாறம் எண்டு அரசாங்கக் கந்தோரில இருந்து ரெண்டு தரம் வந்தவங்கள். நான் கையெழுத்து வைக்கேல்லை. அவங்களுக்கு நான் குடுக்காததை உங்கட புத்தகம் என்ர பிள்ளையிட்ட வாங்கிப் போட்டுது."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"மன்னிப்பை வச்சு நான் என்ன செய்யிறது? நாளைக்கு அவளுக்குச் சொல்லுங்கோ, அப்பிடிப் போனவை திரும்பி வந்தும் இருக்கினம் எண்டு. நான் சொன்னாக் கேக்கிறாள் இல்லை. நீங்கள் சொன்னாக் கேப்பாள். உங்கட சரித்திரத்தில அப்பிடி ஒருத்தரும் இல்லையோ?"

"இருக்கினம்," என்றேன். பொய்யல்ல. அந்தப் போரில் சிறைப்பட்டவர்கள் பல வருடங்கள் கழித்து வீடு திரும்பியிருக்கிறார்கள்.

"ஓம். அதைச் சொல்லுங்கோ."

திங்கட்கிழமை அதை வகுப்பில் சொன்னேன். எல்லோருக்கும் சொல்வதுபோல, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. முன்வாங்குப் பிள்ளை கையை உயர்த்தினாள்.

"ஆகக் கடைசியா வந்தவை எத்தனை வருசம் கழிச்சு வந்தவை டீச்சர்?"

கடைசிக் கைதிக் கூட்டம் எத்தனை வருடத்தில் வந்தது என்பதை நான் முதல்நாளே தேடிப் பார்த்து வைத்திருந்தேன். அவளுடைய அப்பா போய் அதைவிடக் கூடுதலான வருடங்கள் ஆகிவிட்டன.

"வடிவாத் தெரியாது பிள்ளை. பார்த்துச் சொல்லுறன்."

அவள் கொப்பியில் என் வசனத்தை எழுதி, எண் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டாள். அடுத்த ஞாயிறு அவளுடைய அப்பாவின் பெயரை உயிரோடு இருப்பவர்களின் வரிசையில் வாசித்தார்கள். அம்மா கைகூப்பி உட்கார்ந்திருந்தார். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தவணை முடிவில் திருத்துவதற்குக் கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவளுடைய கொப்பியில் அந்த இடம் அப்படியே வெறுமையாக இருந்தது. என் மகள் பேனையைப் பறிக்க எட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தின் அடியில் சிவப்பு மையால் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தேன்.