பஞ்சும் விரலும்

பத்தாவது படிக்கும் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் அவளிடம் ஸ்பிரிட் வாசனை அடித்தது.

நான் பத்தாவது படித்தபோது, மேலே என்ன படிக்கலாம் என்று வழிகாட்ட ஒருவர் வந்தார். பெண்களுக்கு மட்டும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சு கொடுத்துக் கையைத் துடைக்கச் சொன்னார். உள்ளங்கை வேர்க்கிறதா என்று பார்த்தார். நர்ஸாக வேண்டும் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை.

"சின்ன வெரலு. ஃபேக்டரி லைனுக்கு கரெக்டா இருக்கும்" என்றார் டீச்சரிடம்.

அன்றிலிருந்து அப்பா என்னைப் பாத்திரம் துலக்க விடவில்லை. கை கெட்டுவிடுமாம்.

எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி லைனில் வருடக்கணக்காகப் பொடிப்பொடிப் பாகங்களைப் பொருத்திய அந்த விரல்கள் இப்போது முழுசாக மடங்குவதில்லை.

"ஸ்கூல்ல இன்னா நடந்துச்சி?"

"கேரியர் கைடன்ஸும்மா." பெருமையாக இரண்டு கைகளையும் நீட்டினாள். "என் வெரலுதான் ரொம்ப கரெக்டா கீதாம்."