கீழ் லயத்துக்கு வராத அடுப்பு

றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இரண்டு வருடம் அடுப்புத் திட்டத்தில் வேலை செய்தேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களில் விறகுப் புகை வெளியே போக வழி கிடையாது. அதற்காகச் செங்கல்லில் ஓர் அடுப்பு, புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோக ஒரு தகரக் குழாய். வெளிநாட்டு உதவி. முதலில் மேல் லயத்தில் கட்டிப் பார்ப்பது, சரிவந்தால் மற்ற லயங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டுபோவது என்று ஏற்பாடு.

சரிவந்தது. மேல் லயத்துப் பெண்களுக்கு இருமல் குறைந்தது. கரி பிடித்த சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கீழ் லயத்தில் கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா இருந்தார். மூச்சிழுப்புக்காரர். என்னைக் கண்டால் படிக்கட்டுவரை ஏறிவந்து கேட்பார்.

"எங்களுக்கு எப்ப மிஸ்?"

"அடுத்த மாசம் வந்துருங்க அக்கா."

எனக்கு மேலே இருந்தவர்கள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். நானும் லயத்தில் பிறந்தவள் என்பதால் அவர் நம்பினார்.

பிறகு உதவி கொடுத்தவர்களிடமிருந்து அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. முயற்சி வெற்றி; ஆனால் மலைக்கு மலை சிதறிக் கிடக்கும் லயங்களுக்கு இதை விரிவாக்குவது கட்டுப்படியாகாது, வேறொரு நாட்டில் இதைவிட அதிகம் பேருக்கு உதவலாம் என்று எழுதியிருந்தார்கள். குறை கண்டுபிடிக்கவென்றே திரும்பத் திரும்ப வாசித்தேன். கிடைக்கவில்லை.

மழையில்தான் சொல்லப் போனேன். அக்காவின் குசினியில் பழைய அடுப்பு இடிக்கப்பட்டிருந்தது. குழாய்க்கென்று கூரைத் தகரத்தில் ஓட்டையும் வெட்டி வைத்திருந்தார். அதன்மேல் கட்டிய உரப்பையிலிருந்து தண்ணீர் சொட்ட, மூலையில் மூன்று கல் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்லி முடிக்கும்வரை கிளறிக்கொண்டே இருந்தார்.

"மேல இருக்கவங்களுக்கு நல்லாயிருச்சு தானே மிஸ்?"

"ஆமாங்க அக்கா."

"அப்ப ஏன் நிப்பாட்டுறாங்க?"

வேறு நாட்டில் ஆட்கள் அதிகம் என்றேன்.

"நாங்க பத்தலீங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அடுத்த வாரம் ஹட்டனில் ஒரு தகரம் வாங்கி பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வீட்டுக்காரர் ஏறி அடித்தார். ஓட்டை அடைபட்டது. புகை பழையபடி உள்ளேயே சுற்றியது. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

போன வருடம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அவர் மகளைக் கண்டேன். அம்மா இப்போது கொழுந்துக்குப் போவதில்லை, நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறது என்றாள்.

"உங்கள அடிக்கடி கேப்பாங்க மிஸ்."

"வந்து பாக்குறேன்னு சொல்லுங்க" என்றேன்.

இன்னும் போகவில்லை.