முருகையா அண்ணன் அழித்த கோடு

செய்தி வந்தபோது நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். முருகையா அண்ணனின் மகள் செல்வி போனில் ஒரே வரிதான் சொன்னாள்: "சித்தப்பா, அப்பா போயிட்டாரு." அரபிக்கடல் ஒரு நிமிடம் அலையடிக்காமல் நின்றது என்று எழுதத்தான் என் கை போகிறது. பொய். மட்டாஞ்சேரியில் எதுவும் நிற்கவில்லை. மீன்காரர் வழக்கம்போல் கூவிக்கொண்டு போனார். கஞ்சி அடிப்பிடித்தது.

நம் சலவைக் கொட்டகையில் அவரை அறியாதவர் யார்? முப்பது வருடம் அவர் மேசைக்கு அடுத்த மேசை என்னுடையது. ஓட்டல்காரர்கள் கைவிட்ட விரிப்புகள் அவரிடம் வந்து மறுபிறவி எடுத்தன. கொச்சி வில்லிங்டன் தீவில் நிற்கும் கப்பலை ஊறவைக்கக் கொடுத்திருந்தால், துருவைப் போக்கி மடித்தே திருப்பித் தந்திருப்பார். "போகாத கறைன்னு ஒண்ணு கிடையாதுடா. சோம்பேறிங்க வச்ச பேரு அது" என்பார். பேனா மசியைக் கண்டால் மட்டும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. யாருடைய சட்டைப்பையில் மசி ஊறியிருந்தாலும், சாயாக்கடையில் முன்பின் தெரியாதவர் சட்டையாக இருந்தாலும், "கழட்டுங்க சேட்டா, வெளுத்துத் தந்துடறேன்" என்று நிற்பார்.

இனி என் திருவிளையாடலைச் சொல்ல வேண்டும். போன வருடம் என் முழங்கால் பலாப்பழமாக வீங்கியது. நமக்குத் தெரிந்ததெல்லாம் வீக்கம், இல்லாவிட்டால் இங்கத்துப் பேச்சில் 'நீரு'. டாக்டர் அதை 'இன்ஃப்ளமேஷன்' என்றார். சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். உள்ளே ஏதோ கேடு புகுந்து, அதோடு உடம்பு சண்டை போடுகிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான் என்றார். எனக்கா அவ்வளவுதான்? அந்தச் சொல்லை யானைமேல் ஏற்றிச் செண்டை மேளத்தோடு கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். ஒரே மாதத்தில் பல்வலி இன்ஃப்ளமேஷன் ஆனது, கொசுக்கடி ஆனது. உப்பிய பூரிக்கும், பஞ்சு பிதுங்கிய தலையணைக்கும், காலையில் மேஸ்திரியின் முகத்துக்கும் அதே பெயர். வீக்கம் என்று லீவு கேட்டால் அரை நாள். இன்ஃப்ளமேஷன் என்றால் இரண்டு நாள். அண்ணன்தான் தலையாட்டுவார்: "பேரு பெருசா இருக்குடா. ஆளைத்தான் காணோம்."

ஆள் வந்தது. துவைகல்லில் இடித்து அண்ணன் காலில் சின்னச் சிராய்ப்பு. சர்க்கரை உள்ள உடம்பு. மூன்றாம் நாள் கணுக்கால்வரை சிவந்து, தொட்டால் இஸ்திரிப்பெட்டி போலச் சுட்டது. நான்தான் கூட்டிப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. மாத்திரை எழுதிவிட்டு, சிவப்பின் ஓரமாகவே நீலப் பேனாவால் காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். "சேட்டா, இது இன்ஃப்ளமேஷன். உள்ளில் அணுபாதை உண்டு. சுவப்பு இந்த வர தாண்டியால் அப்போத்தன்னே ஓடி வரணும், கேட்டோ?" என்றார். உள்ளே கிருமி இருக்கிறது, சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் உடனே ஓடி வர வேண்டும் என்று அர்த்தம்.

வாசலுக்கு வந்ததும் அண்ணன் சிரித்தார். "இவ்வளவுதானா? நம்ம கொட்டகையில தலையணைக்கே இருக்கேடா இது!" நானும் சிரித்தேன். அவரைவிட உரக்க.

மறுநாள் காலை அவர் மேசையடியில் குந்தி உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எலுமிச்சையும் உப்பும். "என்னண்ணே பண்றீங்க?" என்றேன். "வெளுக்கிறவன் கால்ல மசிக்கறை இருந்தா பார்க்கிறவன் என்னடா சொல்லுவான்?" என்றார். கோடு பாதி மங்கியிருந்தது. அவரைத் தடுத்து நிறுத்த வேண்டிய என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "எல்லையை அழிச்சுட்டீங்களே அண்ணே, இனி உங்க கால் எந்த நாட்டுக்குச் சொந்தம்?" கொட்டகையே சிரித்தது. அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார். நாங்களும் ஒழுங்காகக் காலைப் பார்த்தோம். சிவப்பு இருந்தது. ஏறியதா இறங்கியதா என்று சொல்ல ஒன்றும் இல்லை. "கூடினா மாதிரி தெரியுதாடா?" என்று ஒருமுறை கேட்டார். "அப்படியேதான் இருக்கு" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை.

கோடு அழிந்த மூன்றாம் நாள் மத்தியானம் குளிர் கண்டு நடுங்கினார். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவின் சீட்டைப் பார்த்ததும் முதல் கேள்வியே, "வரைச்ச வர எவிடே?" என்பதுதான். கோடு எங்கே? நான் விரலை வைத்துக் காட்டினேன். இங்கே. இல்லை, கொஞ்சம் கீழே. இல்லை. செல்வி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கை வைத்தால் எந்தக் கறையும் சுவடில்லாமல் போகும். இதுவும் போயிருந்தது.

கேடு ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். நான்கு நாள் வராந்தாவில் நின்றேன். அரிச்சந்திரனையே அசரவைக்கும் புளுகன் நான். செல்விக்கு ஆறுதலாகச் சொல்ல ஒரு புளுகு வரவில்லை. இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த தாளைத் திருப்பினார்.

அவரை அறிந்தவர்களே, இப்போது நம் கொட்டகையில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. பூரி வெறுமனே உப்புகிறது. யாருக்காவது வீங்கினால் நானே பேனாவால் சுற்றிக் கோடு போட்டு, காலையும் மாலையும் போய்ப் பார்க்கிறேன். அவருக்கு அது ஒரு உதவியும் இல்லை.

அப்பா நினைவாக அவருடைய இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் செல்வி. வேண்டாம் என்றேன். அவர் நினைவாக என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். கோட்டைத் தேய்த்த அன்று காலை அவர் கேட்டார் என்று, எதற்கென்று கேட்காமலே எலுமிச்சையை அரிந்து கொடுத்தவன் நான். பாதி அவர் கைக்குப் போனது. மறுபாதி என் மேசை ஓரத்தில் காய்ந்து கறுத்துக் கிடக்கிறது. எறியக் கை வரவில்லை.