ஊறப் போட்ட பம்பு

மரக்காணத்தில் எதையும் சட்டென்று நம்பாதவள் என்று பெயர் எடுத்தவள் அம்சவல்லி அக்கா. உப்பு மூட்டையை எடை போடும்போது எல்லாரும் முள்ளைப் பார்ப்பார்கள். அவள் எடை போடுகிறவனின் கட்டைவிரலைப் பார்ப்பாள். பஸ்ஸில் டிக்கெட் வாங்கினால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் காட்டி, "திண்டிவனம்னுதான போட்டுருக்குது?" என்று கேட்பாள். இப்படிப்பட்டவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஆள் ஒருத்தன் உண்டென்றால் அது நான்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்கு எரிச்சலாக வருகிறது. யார்மேல் எரிச்சல் என்பது போகப் போகத் தெரியும்.

என் பெயர் பாலகுரு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பட்டா மனு, பென்ஷன் மனு எல்லாம் உண்டு. ஊரில் யாருக்கு இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். நான் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை. கையெழுத்துப் போடு என்றால் போடுவார்கள். பதினோரு வருடமாக இந்தப் பெருமையில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினாறு வயதில் உப்பளத்தில் இறங்கினாள். புருஷன் அப்பாவு செத்த பிறகும் நிறுத்தவில்லை. மகள் ரேகா குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்து, "இனிமே நீ வெயில்ல போவாதம்மா" என்று சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. முப்பத்தாறு வருடமும் அடுத்தவன் பாத்தி, அடுத்தவன் உப்பு. ஒரு வருடமாவது தன் பாத்தியில் தானே உப்பு இழுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசை என்று நாம் சொன்னால் திட்டுவாள். "ஆசையெல்லாம் இல்ல, ஆத்திரம்" என்பாள்.

போன தை மாதம் அதற்கு வழி பிறந்தது. பத்துப் பன்னிரண்டு பாத்திகள் வைத்திருக்கும் தேசப்பன், கழுவெளி ஏரிப் பக்கமாக ஓரத்தில் கிடந்த நாலு பாத்தியை அவளுக்குக் குத்தகைக்கு விட்டார். தாராள மனசெல்லாம் இல்லை. அங்கே இருந்த பழைய பம்பு செத்துப்போய் இரண்டு வருடமாக யாரும் சீண்டவில்லை, அவ்வளவுதான். அதற்கும் ஒரு கெடு வைத்தார்.

"பங்குனி முடியறதுக்குள்ள முதல் உப்ப எடுத்துக் காட்டிடு, அம்சவல்லி. இல்லைன்னா வேற ஆளுக்கு உட்டுருவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

"நான் ஏன் வருத்தப்படப் போறேன்? உப்பு வந்துரும். நீங்க ரெடியா இருங்க."

மறுநாளே பாத்தியை மிதிக்க இறங்கிவிட்டாள். ஈரக் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். நடந்தால் காலடி பதியாத அளவுக்குத் தரை கெட்டிப்பட்டால்தான் உப்பு மண் ஒட்டாமல் வெள்ளையாக வரும். நாலு பாத்தியையும் தனி ஆளாக இருபத்திரண்டு நாள் மிதித்தாள். முடித்த அன்று என்னை அழைத்துப்போய்க் காட்டினாள். நான் செருப்போடு வரப்பைத் தாண்டப்போக, "டேய், கீழ இறங்குன, காலை ஒடச்சிருவேன்" என்றாள். கல்யாண மண்டபத் தரை கெட்டது போங்கள், அப்படி இருந்தது.

இனித் தண்ணீர் ஏற்ற வேண்டும். பம்பு வேண்டும். மிதித்த தரையில் உப்புத் தண்ணீர் நிற்காவிட்டால் பங்குனி வெயில் பத்தே நாளில் வெடிக்க வைத்துவிடும். புதுப் பம்பு வாங்க வசதியில்லை. கறவை மாட்டை விற்ற பணம் மட்டும் இருந்தது. "உன் கம்ப்யூட்டர்ல பழசு எதுனா கெடைக்குதா பாரு" என்று வந்து நின்றாள். ஆன்லைன் ஏலம் நடத்துகிற ஒரு செயலியில் தேடினேன். டீசல் என்ஜினோடு ஒரு பம்பு இருந்தது. கன்மெட்டல் இம்பெல்லர், உப்புத் தண்ணீருக்கு ஏற்றது என்று போட்டிருந்தான். இம்பெல்லர் என்பது பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம். கன்மெட்டல் வெண்கல வகை. உப்பு அதைத் தின்னாது. இரும்பாக இருந்தால் தின்றுவிடும். படத்தில் அது பொன் நிறத்தில் பளபளத்தது.

அக்கா படத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கரையில மீனு ஏலம் உடறான். செவுளத் தூக்கிப் பார்த்துட்டுத்தான கேக்கறோம்? இது இன்னா ஏலம், தொட்டே பார்க்காம?"

"அப்படித்தான்க்கா இது. பொருள் சரியில்லைன்னா திருப்பிக் கொடுத்துடலாம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

நாலு பேர் போட்டி போட்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் நமக்கு விழுந்தது. கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு முழ நீளத்துக்கு நிபந்தனைகள் வந்தன. விரலால் சர்ரென்று தள்ளிவிட்டு, சம்மதம் என்ற கட்டத்தைத் தட்டினேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலைப் பார்த்துப் பழகிய கண் அல்லவா?

"அவ்ளோ எழுதிருக்குதே, படிச்சியா?"

"படிச்சேன்க்கா. எல்லாம் வழக்கமாப் போடறதுதான்."

எனக்குப் பின்னால் ஆதார் திருத்தத்துக்கு ஆறு பேர் நின்றிருந்தார்கள். அது ஒரு சாக்கு. யாருமே இல்லாவிட்டாலும் படித்திருக்க மாட்டேன். பதினோரு வருடத்தில் அந்தச் சின்ன எழுத்தை ஒரு தடவைகூட நான் படித்ததில்லை.

மாசிக் கடைசியில் பம்பு வந்தது. திண்டிவனம் பார்சல் ஆபீசிலிருந்து குட்டியானை வேனில் ஏற்றி நேராக உப்பளத்துக்குக் கொண்டுபோனாள். எங்கள் உப்பளத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்த உலோகச் சாமான் வாங்கினாலும், அது போல்ட்டாக இருந்தாலும் மண்வெட்டியாக இருந்தாலும், ஓரத்தில் ஒரு கீறல் போட்டு, கடைசிப் பாத்தியின் உப்பு முற்றிய கெட்டித் தண்ணீரில் ஒரு நாள் ஊறப் போடுவார்கள். மறுநாள் எடுத்துக் காற்றில் வைத்தால் சாயம் வெளுத்துவிடும். கடைக்காரன் என்ன சத்தியம் செய்தாலும் இங்கே செல்லாது. அந்தத் தண்ணீர் சொல்வதுதான் தீர்ப்பு. மரக்காணத்துக் கடைக்காரர்களும் அதை ஒத்துக்கொண்டு மாற்றித் தருவார்கள். அக்காவும் அதைத்தான் செய்தாள். பம்பைப் பிரித்து, இம்பெல்லரைக் கழற்றி, கீறி, பக்கத்துப் பாத்தித் தண்ணீரில் போட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு அதை ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். பொன் நிறம் பொங்கி உரிந்திருந்தது. உள்ளே செம்மண் நிறத்தில் துரு.

"இரும்பு. பெயின்ட் அடிச்சி அனுப்பிருக்கான் பொறம்போக்கு."

மோட்டார் மெக்கானிக் ஜான்சனைக் கூப்பிட்டேன். அவன் என் கடையில் கிடந்த உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி அதன்மேல் வைத்தான். டக்கென்று ஒட்டியது. "இரும்புதான். இதுக்கு ஏன்க்கா ஊறப் போட்ட? காந்தம் வச்சிருந்தா ஒரு நிமிஷம்" என்றான். பிறகு யோசித்து, "ஆனா இதுவே ரெண்டு மூணு மாசம் ஓடும். மாட்டித் தரேன், ஓட்டி முதல் உப்ப எடுத்துரு. கெடுவு தாண்டிட்டா அப்புறம் பார்த்துக்கலாம்" என்றான்.

நல்ல யோசனை. ஆனால் நான் அதற்குள் புகார்ப் பக்கத்தைத் திறந்துவிட்டேன். முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது: தகராறு முடியும் வரை பொருளைப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தினால் புகார் ரத்து. அதை மட்டும் அட்சரம் பிசகாமல் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

அவள் இம்பெல்லரைச் சாக்கில் மறுபடி சுற்றி ஜான்சனிடம் கொடுத்தாள். பிறகு, "அப்போ தொடக்கூடாது. மாட்டி அப்படியே வையி ஜான்சன். பொய் சொன்னவன் பொய்யின்னு ஒத்துக்கணும். நமக்கு வேற பம்பு வந்துரும்" என்றாள்.

புகார் எழுதினேன், படங்கள் அனுப்பினேன். காந்தம் ஒட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பினேன். நாலாம் நாள் அக்கா கடையில் இருக்கும்போது விற்றவனே போன் செய்தான், ஸ்பீக்கரில் போட்டேன். தேன் ஒழுகப் பேசினான்.

"அம்மா, நான் அனுப்பினது கன்மெட்டல்தாங்க. நீங்க பம்பைத் திறந்திருக்கீங்க. உங்ககிட்ட இருந்த பழைய துருப்பிடிச்ச சாமானை உள்ள போட்டுட்டு என்னோடதை எடுத்துக்கிட்டீங்க. பெரியவங்க இப்படிச் செய்யலாமாம்மா?"

அக்காவின் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்கு வரவில்லை. "நானா? நான் திருடியாடா? முப்பத்தாறு வருசம் உப்பு வாருறேன், ஒரு கைப்பிடி உப்பு கேக்காம எடுத்துட்டுப் போனதில்லடா!" என்று கத்தினாள். அவன் எப்போதோ போனை வைத்துவிட்டிருந்தான். அவள் இன்னும் ஐந்து நிமிடம் கத்தினாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பணம்கூடப் பெரிதில்லை. தான் திருடி இல்லை என்று அந்த ஏலக் கம்பெனிக்காரன் எழுதித் தர வேண்டும். தினமும் காலையில் கடைக்கு வருவாள், "வந்துச்சா?" என்பாள், இல்லை என்றதும் போவாள். போகும்போது குடத்தை எடுத்துக்கொண்டு போவாள். கால்வாயிலிருந்து தண்ணீர் மொண்டு பாத்தியின் வெடிப்புகளில் ஊற்றுவாளாம். நாலு பாத்திக்குக் குடத்துத் தண்ணீர்! பார்த்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்தொன்பதாம் நாள் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. அன்புள்ள வாடிக்கையாளரே என்று ஆரம்பித்தது. இந்த அன்புக்கு மட்டும் குறைச்சலில்லை. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்திருக்க வேண்டும். நல்ல தண்ணீரில் மட்டும் சோதித்திருக்க வேண்டும். பம்பைத் திறந்திருக்கக் கூடாது. உப்புத் தண்ணீரில் போட்டுச் சேதப்படுத்தியதால் புகார் ஏற்கப்படவில்லை. எல்லாம் நிபந்தனைகள் ஏழு, எட்டு, ஒன்பதில் உள்ளன. தாங்கள் அவற்றைப் படித்துச் சம்மதித்துள்ளீர்கள்.

பழைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஏழு, எட்டு, ஒன்பது. இருந்தன. நான் படிக்காத விதிகள் புகாரைக் கொன்றன. நான் படித்துக் காட்டிய ஒரே விதி பாத்தியைக் கொன்றது.

அவளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நல்ல தண்ணியில போடு, தொறக்காதன்னு இப்ப சொல்றானே. இது அன்னிக்கே எழுதியிருந்துச்சா, பாலகுரு?"

என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அது என் தொண்டை வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. வெளியே நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"இல்லக்கா. இப்பதான் சேர்த்துருக்கானுங்க."

"அதான பார்த்தேன்" என்றாள். "இருந்திருந்தா நீ சொல்லிருப்பியே."

அன்று சாயங்காலமே பம்பை ஓட்டிப் பார்த்தார்கள். சுற்றவில்லை. ஊறிய உப்பு உள்ளே இறங்கி, பத்தொன்பது நாள் சும்மா கிடந்ததில் இறுகப் பிடித்துக்கொண்டது. "ஓடிக்கிட்டே இருந்திருந்தா தாங்கியிருக்கும்க்கா" என்றான் ஜான்சன். அவனுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது.

பங்குனி முடிந்த மறுநாள் தேசப்பன் பாத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சொன்ன சொல் தவறாத மனுஷன்! சொந்தமாகப் பம்பு வைத்திருந்த பக்தவச்சலத்துக்கு அதை விட்டார். வெடித்த தரையை மறுபடி மிதிக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த மண்ணைத் தெரிந்தவள் அம்சவல்லி அக்காதான் என்று பக்தவச்சலம் அவளையே கூலிக்கு அழைத்தான். போனாள். போகாமல் என்ன செய்வாள்? தன் பாத்தி என்று முதல் தடவை மிதித்த தரையை இரண்டாம் தடவை கூலிக்கு மிதித்தாள்.

வைகாசியில் அங்கே உப்பு எடுத்தார்கள். மண் ஒட்டாத வெள்ளை உப்பு. நான் போய்ப் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அக்கா கடைக்கு வந்தாள். இடுப்பில் ஒரு சின்ன மூட்டை. பக்தவச்சலத்திடம் ஒரு நாள் கூலிக்குப் பதிலாகக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். அதை என் மேஜைமேல், கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"முதல் உப்பு. எம் பாத்தியில வந்தா முதல்ல உனக்குத்தான் தரணும்னு இருந்தேன். எம் பாத்தி இல்லதான், ஆனா நான் மிதிச்ச மண்ணு. நீ எனக்காவ எவ்ளோ மல்லுக்கட்டுன."

சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இப்போது சொன்னால் அவளுக்கு என்ன லாபம் என்றும் நினைத்தேன். திருடன் இப்படித்தான் யோசிப்பான் போலிருக்கிறது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொய் சொன்னவன் இருக்கான் பாரு, அவன் சோத்துல உப்புகூட ஒட்டாது" என்றாள்.

"ஆமாக்கா" என்று சொல்லி மூட்டையை எடுத்து உள்ளே வைத்தேன்.