மதார்சா எடுத்த ஊமைப்படம்

மதார்சா படித்தது மூணாம் வகுப்புதான். ஆனாலும் துபாயில் லாரி ஓட்டிச் சம்பாதித்து, எண்பத்திரண்டாம் வருஷத்திலேயே சினிமா கேமரா வாங்கி வந்த ஆம்பளை லெப்பைக்குடிக்காட்டில் வேற எவன் இருந்தான்? சத்தம் பதியாத கேமரா அது. பெரம்பலூர் கடைவீதி நடமாட்டத்தை அப்படியே பிடிக்கணும் என்று நடுவீதியில் நின்று எடுத்தார்.

கேமராவைக் கண்டதும் சனங்கள் போட்டோ என்று நினைத்துவிட்டார்கள். சட்டைப் பித்தானைப் போட்டு, கையைக் கட்டி, மூச்சைப் பிடித்து நின்றார்கள். மூணு நிமிஷப் படத்தில் நடந்தது ஒரு ஆடு மட்டும்தான்.

போன மாசம் அதைத் திருச்சியில் கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றி, பேத்தி கல்யாண மண்டபத்துத் திரையில் போட்டார். இன்றைக்காவது தான் சினிமா எடுத்தவன் என்று ஊர் ஒத்துக்கொள்ளுமா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இதுவா சினிமா? ரேஷன் கார்டு போட்டோ மாதிரில்ல இருக்கு!" என்றாள் மனைவி சாகிரா. மண்டபமே சிரித்தது.

திடீரென்று பக்கத்து வீட்டு ஜுலைகா எழுந்தாள். "அண்ணே, நிறுத்துங்க! துணிக்கடை வாசல்ல எங்க வூட்டுக்காரர்!"

நிறுத்தவே தேவையில்லை. மனுஷன் அசையாமல்தான் நின்றார். ஜுலைகாவின் மகள் மர்ஜியா திரையருகே ஓடினாள். அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே மௌத்தாகி மண்ணுக்குள் போன அத்தா. வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. அந்த முகத்தை அன்றுதான் பார்த்தாள்.

மதார்சா சாகிரா பக்கம் திரும்பினார். "நடந்துக்கிட்டே இருந்திருந்தா இவ்வளவு தெளிவா மூஞ்சி விழுந்திருக்குமா?"

"சரி சரி, பெரிய டைரக்டருதான். அந்தப் புள்ளைக்கு இன்னொரு தடவை போடச் சொல்லுங்க."