ஏழு பேருக்கு ஒரு பழைய கார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு காரை நனைத்துவிட்டு வந்தோம். கொஞ்சநஞ்ச ஈரமில்லை... பின்சீட்டைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும்.

அந்தக் கார் எங்களுடையது இல்லை என்பதுதான் சிக்கல்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். தென்காசியில் எங்கள் வீட்டில் நான், என் மனைவி கோமதி, பிளஸ் ஒன் படிக்கும் மகள், எட்டாவது படிக்கும் மகன். கூடவே என் தம்பி மாடசாமியின் குடும்பம். அவன் ராணுவத்தில் இருக்கிறான். வடக்கே எங்கோ குளிரில் காவல் நிற்கிறான். அவன் மனைவி செல்வியும் மூன்று வயதுப் பையனும் எங்களோடுதான். இந்தச் சித்திரையில் செல்விக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. ஆக, ஏழு பேர். தம்பி லீவில் வந்தால் எட்டு.

ஒரு பைக்கையும் ஒரு ஸ்கூட்டரையும் வைத்துக்கொண்டு ஏழு பேர் எங்கே போவது? செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

அதே சமயத்தில்தான் செல்வி ஒருநாள் கோமதியிடம் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறாள். “மேலகரத்துல ஒரு வீடு வாடகைக்கு வருதாம் அக்கா. பிள்ளைங்க வளருதுல்லா... உங்களுக்கும் இடைஞ்சலா இருக்கும்.” சண்டை இல்லை, மனஸ்தாபம் இல்லை. சும்மா போகிறேன் என்கிறாள்!

எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. தம்பி குடும்பத்தை நான்தான் தாங்கிப் பிடிக்கிறேன் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிபவன் நான். உண்மை என்னவென்றால், அந்தப் பையன் காலையில் வந்து என் மீசையைப் பிடித்து இழுக்காவிட்டால் எனக்குப் பொழுதே விடியாது. ஆனால் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் நம் வீட்டு ஆண்களுக்கு ஏது? ‘போகாதே’ என்று சொல்லத் தெரியாமல், பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

வீட்டு விஷயம் வேறு, கார் விஷயம் வேறு என்று நினைத்துக்கொண்டு கார் தேடக் கிளம்பினேன்.

கார் வாங்கப் போகிறேன் என்று தெருவில் சொல்லிப் பாருங்கள். பல் டாக்டரிலிருந்து பால்காரர் வரை எல்லோரும் மெக்கானிக் ஆகிவிடுவார்கள். நிஜமான மெக்கானிக் மட்டும் எனக்கு இரண்டே விஷயம் சொன்னார்.

“வண்டியப் புளியறை எஸ் வளைவுல ஏத்திப் பாருங்க, திணறாம ஏறணும். ரெண்டாவது... குத்தாலத்துல சீசனுக்கு ஓடுன வண்டி மட்டும் வேண்டாம் சார். அருவியில குளிச்ச ஆளுக எண்ணெயும் ஈரமுமா ஏறி உக்காந்து, தரையெல்லாம் துருப்பிடிச்சிருக்கும்.”

முதலில் பாவூர்சத்திரத்தில் ஒரு கார் பார்த்தேன். சொந்தக்காரர் மார்க்கெட் வியாபாரி. கதவைத் திறந்ததும் குப்பென்று சின்ன வெங்காய வாடை... கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

அடுத்தது குற்றாலத்து லாட்ஜ்காரர் ஒருவருடைய வண்டி. ஏழு சீட். சீசனில் வந்து தங்குகிற சொந்தபந்தங்களை அருவிக்கு ஏற்றி இறக்கியே காலம் தள்ளிய வண்டி. கால்மிதியைத் தூக்கினேன் — துரு. மூச்சை இழுத்தேன் — மசாஜ் எண்ணெய். மெக்கானிக் வாக்கு பலித்துவிட்டது! கோமதி மட்டும் கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்து, கொஞ்ச நேரம் இறங்காமலேயே இருந்தாள். “மூக்கு அடைச்சிருக்கா உனக்கு? இறங்கு” என்றேன்.

மூன்றாவதாக வந்ததுதான் இலஞ்சி சுடலைமுத்து அண்ணாச்சியின் கார். அவர் ரிட்டயர்டான போலீஸ் ஏட்டு. கண்பார்வை மங்கிவிட்டது, மகன்களும் வெளியூரில், அதனால் விற்கிறார். ஐந்து சீட் வண்டி. எப்போதோ வாங்கியது, சீட்டில் ஷோரூம் பிளாஸ்டிக் கவர்கூட இன்னும் பிரிக்கவில்லை! ஒரு கீறல் கிடையாது. விலையும் என் கைக்கு எட்டுகிற விலை. பார்த்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் கார் வாங்க ஒருத்தன் மட்டும் போகிற வழக்கம் உண்டா? குடும்பத்தோடு கிளம்பினோம். செல்வி மட்டும் பையனோடு வாசலில் நின்றுகொண்டு, “பிள்ளை தூங்குது அத்தான்... நீங்க போயிட்டு வாங்க” என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

முன்னால் நானும் அண்ணாச்சியும், பின்னால் கோமதியும் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும். புளியறை வளைவில் வண்டி முனகக்கூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பி வரும்போது சாரல் பிடித்துக்கொண்டது. எதிரே வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டி, “ஐந்தருவில தண்ணி அள்ளிக் கொட்டுது அண்ணாச்சி!” என்று கத்திவிட்டுப் போனார்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ‘தண்ணி விழுது’ என்று காதில் விழுந்த பிறகு நேரே வீட்டுக்குப் போன தென்காசிக்காரனை நான் இதுவரை பார்த்ததில்லை. மாற்றுத்துணி இல்லை, துண்டு இல்லை, வண்டியும் நம்முடையது இல்லை... யாருக்கு நினைவிருந்தது? நான் அங்கே விற்கிற எண்ணெயை வேறு வாங்கித் தேய்த்துக்கொண்டேன். அண்ணாச்சி முதலில் கரையில் நின்று, “வேண்டாம்யா, வேண்டாம்” என்றார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், எனக்கு முன்னால் அருவிக்கடியில் நிற்கிறார்!

குளித்து முடித்து, சொட்டச் சொட்ட வந்து அந்தச் சீட்டுகளில் உட்கார்ந்தோம். தண்ணீர் பிளாஸ்டிக்கில் வழுக்கி, இடுக்கு வழியாக உள்ளே இறங்கியது. எந்த வண்டியை வேண்டாம் என்று முகம் சுளித்தேனோ, அதே போல இன்னொன்றை ஒரே மணி நேரத்தில் நானே தயாரித்துவிட்டேன். பயமாகத்தான் இருந்தது. கூடவே ஒரு சந்தோஷம் — இனி வாங்காமல் தப்பிக்க முடியாது!

அப்போதுதான் பின்சீட்டிலிருந்து கோமதி பேசினாள். “எப்பவும் செல்வி கையப் பிடிச்சுக்கிட்டுதான் அருவியில நிப்பேன். இன்னைக்குத் தனியா நின்னேன்.”

“அடுத்த தடவை வருவா.”

“வந்தா, எங்கன உக்காருவா?”

“சின்னதுக ரெண்டையும் மடியில வச்சுக்கிட்டாப் போச்சு.”

“மடி எத்தனை நாளைக்குங்க?” என்றாள். “அஞ்சு பேரு காரை வாங்குனா, மத்தவங்க தானா ஒதுங்கிருவாங்க. யாரு ஒதுங்குவான்னு உங்களுக்குத் தெரியாதா? காலையில பாத்தீங்கல்லா? அவ மேலகரம் போறதுக்கு நாமளே வண்டி வாங்கிக் குடுத்த மாதிரி ஆயிரும்.”

சீட் கவர், கியர், டயர் எல்லாம் பார்த்த எனக்கு, இது ஏன் தோன்றவில்லை? அவள் சொன்னது அவ்வளவும் சரி. ஆனால் இந்த ஈரத்துக்கு இப்போது யார் பதில் சொல்வது? பக்கத்தில் அண்ணாச்சி ஏட்டு மீசையோடு நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இலஞ்சியில் இறங்கியதும் நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். கோமதிதான் பேசினாள். “அண்ணாச்சி, உங்க வண்டி தங்கம். ஆனா எங்க வீட்டுக்குப் பத்தாது. நனைச்சதுக்கு என்ன செய்யணுமோ சொல்லுங்க, செஞ்சு தாறோம்.”

அண்ணாச்சி பதில் சொல்வதற்குள் அவர் மனைவி வாசலுக்கு வந்துவிட்டார். புருஷன் தலையிலிருந்து தண்ணீர் வழிவதைப் பார்த்தார். காரை எட்டிப் பார்த்தார்.

“அருவிக்கா போயிட்டு வாறிய?”

அண்ணாச்சி, “ம்” என்றார்.

“நான் ஒவ்வொரு சீசனுக்கும் கேட்டேனே... சீட்டு நனைஞ்சிரும், சீட்டு நனைஞ்சிரும்னு என்னையப் பஸ்ஸுலதானே அனுப்புனிய?”

ஸ்டேஷனில் எத்தனை பேரை அதட்டிய மனிதரோ தெரியாது. குரலே எழும்பவில்லை. “காயட்டும்... காஞ்சதும் கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

“எதுக்குக் காயணும்? அதான் நனைஞ்சாச்சுல்லா? இப்பவே போவோம்!”

சொன்னவர் உள்ளே போய் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னார்கள். அண்ணாச்சி பின்னால் ஏறும்போது என்னிடம், “தம்பி, வண்டி விக்கிற ஐடியா இப்போதைக்கு இல்ல. நீங்க வேற பாத்துக்கிடுங்க” என்றார். முகத்தில் ஒரு வெட்கம். கோபமே இல்லை!

நாங்கள் ஈரத்துணியோடு பஸ் ஏறினோம். டிக்கெட் வாங்குவதற்கு முன்னாலேயே நான் லாட்ஜ்காரருக்குப் போன் போட்டேன்.

மெக்கானிக் திட்டிக்கொண்டேதான் அந்த ஏழு சீட் வண்டியைப் பார்த்தார். “இன்ஜின் பரவாயில்ல. தரையை அறுத்துட்டுப் புதுத் தகடு வச்சாகணும்” என்றார். வைத்தோம். எண்ணெய் வாடைக்குத்தான் மருந்து இல்லை.

வண்டி வாசலுக்கு வந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முதல் ரவுண்டுக்குக் கிளம்பினோம். செல்வி வாசலில் நின்று, “நீங்க போயிட்டு...” என்று ஆரம்பித்தாள். கோமதி அவள் கையிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு, போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை போன பிறகு தாய் வாசலில் நின்று என்ன செய்வாள்? பையனை இழுத்துக்கொண்டு கடைசி வரிசையில் ஏறினாள்.

செங்கோட்டை தாண்டியிருக்க மாட்டோம். பின்னாலிருந்து ஒரு குரல்.

“அத்தான்! ஏசி இங்கன வரவே இல்ல. சீட்டுக் கம்பி வேற முதுகுல குத்துது. என்ன வண்டி பாத்து வாங்குனிய நீங்க?”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ‘எனக்கு ஒண்ணும் வேண்டாம் அத்தான்’ என்பதைத் தவிர வேறு எதுவும் என்னிடம் சொல்லாத பெண் அவள். கோமதி என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியைச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விருந்தாளிகள் குறை சொல்ல மாட்டார்கள். உரிமைப்பட்டவர்கள்தான் சொல்வார்கள், இல்லையா? மேலகரத்து வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சே இல்லை.

ஏசியைச் சரிசெய்து தருகிறேன் என்று மெக்கானிக் தினமும் போன் பண்ணுகிறார்... நான்தான் இன்னும் வண்டியைக் கொண்டுபோய் விடவில்லை!