தாயம்மாள் கிணற்றின் பன்னிரண்டு பரிசோதனைகள்

தாயம்மாளின் கிணறு 1964 மே மாதம் தோண்டப்பட்டு, 1993 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை மூடப்பட்டது. ஆழம் இருபத்தெட்டு அடி. தோண்டியவர் அவள் கணவர் முனியன். அவர் 1979இல் இறந்த பிறகு, சேக்காட்டுக்கு மேற்கே இருந்த பதினோரு சென்ட் நிலமும் அந்தக் கிணறும்தான் அவளுக்கு மிச்சம். சிறுகீரையும் முளைக்கீரையும் போட்டு, காலையில் கூடையோடு எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கு வருவாள். என் வீடு அவளுக்கு நான்காவது வாசற்படி.

1987இல் பக்கத்து மனையைக் கஜபதி என்ற காண்டிராக்டர் குத்தகைக்கு எடுத்துக் குப்பை கொட்ட ஆரம்பித்தார். அவர் வேலியிலிருந்து கிணறு அறுபத்தொரு அடி. நானே டேப் பிடித்து அளந்தேன். இரண்டாவது மழைக்காலத்தில் தண்ணீர் நிறம் மாறியது. மூன்றாவதில் நாற்றம் வந்தது. கீரை மட்டும் முன்பைவிடச் செழிப்பாக வளர்ந்தது. வாங்கத்தான் ஆட்கள் குறைந்தார்கள்.

அவளுக்காக நான் எழுதிய மனுக்கள் பதினான்கு. அதன் பலனாக, குப்பை கொட்ட அனுமதி கொடுத்த நகராட்சி அலுவலகம் கஜபதியின் அனுமதிச் சீட்டில் ஒரு நிபந்தனை சேர்த்தது: நூறு மீட்டருக்குள் கிணறு இருந்தால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதன் நீரைப் பரிசோதிக்க வேண்டும், நீர் கெட்டிருந்தால் அனுமதி ரத்து. 1990 செப்டம்பரில் குணசேகரன் என்ற உதவியாளர் முதல் முறையாக மொபெட்டில் வந்து, வெள்ளைக் கேனில் தண்ணீர் வாங்கிப் போனார். 'குடிக்க உகந்தது' என்று அறிக்கை வந்தது. 1993 மார்ச் வரை பதினோரு அறிக்கைகள், பதினொன்றிலும் அதே இரண்டு சொற்கள். பரிசோதனைச் சாலையில் கஜபதி யாரையோ கவனித்துவிட்டார் என்று நான் முடிவு கட்டினேன். அதைப் பதினைந்தாவது மனுவாகவும் எழுதி வைத்திருந்தேன். நல்ல வேளை, அனுப்பவில்லை.

ஜூன் 16, புதன்கிழமை, பன்னிரண்டாவது முறை நானும் போயிருந்தேன். குணசேகரன் வேப்பமர நிழலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். கேனை வாங்கிக்கொண்டு தாயம்மாள் நேராக வீட்டுக்குள் போனாள். வாசலில் நின்று பார்த்தேன். அடுப்படியில் இருந்த குடத்தைக் கேனில் சாய்த்துக்கொண்டிருந்தாள். தினமும் எங்கள் குவார்ட்டர்ஸ் குழாயில் பிடித்துத் தலையில் சுமந்து வரும் தண்ணீர் அது.

"தாயம்மா, கிணத்துத் தண்ணி இல்லையா கேட்டாங்க?"

"அது நாறுது சார். அந்தப் புள்ளை எம்மாந்தூரத்துலேர்ந்து வந்துகீது! ஆபீஸ்ல பெரிய மனுசங்க வாயில வெச்சுப் பார்ப்பாங்க. நாத்தத் தண்ணியக் குடுத்தா நம்மள இன்னா நெனைப்பாங்க?"

"குடிக்க இல்லம்மா. கெட்டுப்போச்சான்னு பார்க்கறதுக்கு."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். வெளியே வந்து குணசேகரனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் நைனா, மூணு வருசமா வந்துகினு கீறியே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"நீ குடுத்தே, நான் வாங்கினேன் ஆயா. கெணத்தாண்ட யாரு போறது? கொடலப் புரட்டுது."

அன்று அவளே வாளி விட்டு இறைத்துக் கேனை நிரப்பினாள். டீ டிக்காஷன் நிறம். குணசேகரன் கேனை மூன்று பாலித்தீன் பைகளில் சுற்றிக்கொண்டு போனார்.

அதிலிருந்து இருபத்தெட்டாம் நாள் அறிக்கை வந்தது: 'குடிக்க உகந்ததல்ல.' தாயம்மாள் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடைக் கீரையைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு வாரம் கழித்து உத்தரவு வந்தது. நான்தான் அவளுக்குப் படித்துச் சொன்னேன். பொதுமக்கள் நலன் கருதி, கெட்டுப்போன கிணற்றை முப்பது நாளுக்குள் மூட வேண்டும். கிணறு மூடப்பட்ட பின் நூறு மீட்டருக்குள் வேறு கிணறு இல்லாததால், பரிசோதனை இனித் தேவையில்லை. அனுமதி ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படுகிறது.

"அப்போ குப்பை?" என்று கேட்டாள்.

குப்பையைப் பற்றி உத்தரவில் ஒரு வரியும் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

மூடும் பொறுப்பு கஜபதிக்கே. எதைக் கொண்டு மூட வேண்டும் என்றும் உத்தரவு சொல்லவில்லை. மண் வாங்கப் பட்டாபிராம் பக்கம் போக வேண்டும். குப்பை அறுபத்தொரு அடியில் இருந்தது. மூன்றே கால் லாரி பிடித்தது.

கடைசி லாரியைக் கொட்டிவிட்டு டிரைவர் சுலைமான் இறங்கி வந்து, "ஆயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடேன்" என்றார். தாயம்மாள் உள்ளே போய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்தாள். முக்கால் சொம்பு குடித்தார்.

"தண்ணி சோக்கா கீது. எந்தக் கெணறு?" என்று கேட்டுவிட்டு அடுத்த மடக்கை வாயில் ஊற்றிக்கொண்டார்.

"இப்போ மூடுனியே, அதுதான்."

சுலைமான் வாயில் இருந்ததை அப்படியே துப்பிவிட்டார்.

"பயப்படாதே நைனா," என்று சொம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டாள் தாயம்மாள். "குவார்ட்டர்ஸ் தண்ணிதான். ஊடு தேடி வந்தவனுக்கு அத்தப் போய்க் குடுப்பனா?"